மேற்குச் சுவருக்கு ஒரு துளைத்திரை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையிலும், இலஞ்சி, மேலகரம், வல்லம் பக்கம் புதிதாக எழும் மனைப்பிரிவுகளிலும் வீட்டு முகப்புகள் மாறி வருகின்றன. மாடி பால்கனிக்கு முன்னால் இலையும் கொடியுமாக வெட்டிய இரும்புத் தகடு, படிக்கட்டுச் சுவரில் சிமெண்ட் ஜாலி, கார் நிற்கும் இடத்தில் எக்ஸ்பாண்டட் மெஷ். எலிவேஷன் பற்றிப் பேச்சு எழுந்தாலே இவற்றில் ஒன்று வந்துவிடுகிறது. டிசைன் என்ன, நிறம் என்ன, சதுர அடி என்ன விலை என்று எல்லோரும் கேட்கிறார்கள். துளை எவ்வளவு அகலம், திரை எவ்வளவு தடிப்பு, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

அந்த வீட்டில் குடியிருப்பவரின் மதிய நேரத்தையும் இரவுத் தூக்கத்தையும் தீர்மானிப்பவை பின்சொன்ன மூன்று அளவுகள்தாம். ஒரே டிசைனை வைத்து வெயிலை மறிக்கும் திரையும் செய்யலாம், வெயிலை உள்ளே விட்டுக் காற்றை மறிக்கும் திரையும் செய்யலாம். வித்தியாசம் முழுக்க முழுக்க இயற்பியலில் இருக்கிறது. அந்த இயற்பியல் எளிமையானது. கொத்தனாரும் வெல்டரும் வீட்டுக்காரரும் சேர்ந்து அரைமணி நேரத்தில் கணக்குப் பார்த்துவிடலாம்.

ஒரே திசையில் மூன்று சோதனை

மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குப் போகும் பாதையில், ஒரு தாழ்வான இடைவெளி இருக்கிறது. பாலக்காடு, ஆரல்வாய்மொழி கணவாய்களோடு சேர்த்துத் தமிழ்நாட்டின் காற்றாலைகளுக்குக் காற்று கொடுக்கும் முக்கிய வாசல்களில் இந்தச் செங்கோட்டைக் கணவாயும் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து கிளம்பி, மலையின் மேற்குச் சரிவில் பெரும்பகுதி மழையைக் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தோடு இந்த வழியாக இறங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்தில் சீசன் என்று நாம் கொண்டாடுவது இந்த மிச்ச ஈரத்தைத்தான். மலையை ஒட்டிய குற்றாலம், செங்கோட்டை, பண்பொழிப் பகுதிகளில் அது சாரலாக விழும். கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் பக்கம் போகப் போக ஈரம் வற்றி, வெறும் மேல்காற்று மட்டும் மிஞ்சும்.

ஆக, சீசனில் காற்றும் சாரலும் மேற்கிலிருந்து வருகின்றன. மார்ச் முதல் மே வரை மாலை வெயிலும் மேற்கிலிருந்துதான் அறைகிறது. வடகிழக்குப் பருவமழை மட்டும் அக்டோபர், நவம்பரில் எதிர்ப்பக்கமாக வரும். வெயில், காற்று, சாரல் மூன்றையும் ஒரே சுவர் தாங்க வேண்டியிருப்பதுதான் இந்த ஊர் வீடுகளின் தனித்தன்மை. மேற்குப் பக்கத்தை முழுக்க அடைத்தால் சீசன் காற்று போச்சு. முழுக்கத் திறந்தால் மே மாத வெயிலும் ஜூலைச் சாரலும் படுக்கை வரை வரும். பாதி அடைத்துப் பாதி திறந்த ஒரு சுவர் இங்கே ஆடம்பரம் ஆகாது. இந்த நிலத்துக்குப் பொருத்தமான சுவர் அதுதான்.

சன்ஷேடு காப்பாற்றாத இடம்

தென்காசி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது: சித்திரைப் பிறப்பை ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட் இறுதியில் ஒரு முறை. மார்கழியில் அது மிகவும் தெற்கே சாயும் நாளில்கூட நடுப்பகல் உயரம் 57 பாகைக்குக் கீழே போவதில்லை. தெற்குச் சுவரில் 2 அடி நீட்டிய சன்ஷேடு அந்த நாளின் நடுப்பகலில் 3 அடிக்கு மேல் நிழல் போடும். தெற்கு, வடக்கு ஜன்னல்களுக்கு சாதாரண சன்ஷேடு பெரும்பாலும் போதும் என்பதற்கு இதுதான் காரணம்.

மேற்கில் கதை வேறு. மார்ச் மாதத்தில் மாலை நாலேகால், நாலரை மணிக்குச் சூரியன் சுமார் 30 பாகை உயரத்தில் நிற்கும். அதே 2 அடி சன்ஷேடு அப்போது தரும் நிழல் ஒரு அடியும் கொஞ்சமும்தான். 4 அடி உயர ஜன்னலில் முக்கால் பங்கு வெயிலில் நிற்கும். தெளிந்த வானமுள்ள அந்த நேரத்தில் மேற்குச் சுவரின் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 600 வாட் அளவுக்கு வெப்பம் விழலாம். ஒன்றரை சதுர மீட்டர் கண்ணாடி ஜன்னல் என்றால், அறைக்குள் ஓர் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி அணைக்காமல் வைத்துவிட்டுப் போனதற்குச் சமம்.

உள்ளே திரைச்சீலை போட்டால் தீராதா? கொஞ்சம் தீரும், ஆனால் காலம் கடந்த வேலை. சூரிய ஒளி குறுகிய அலைநீளத்தில் கண்ணாடியைத் தாண்டி வந்து சீலையில் விழுகிறது. சீலை சூடாகி நீண்ட அலைநீள வெப்பக் கதிராக அதைத் திருப்பி விடுகிறது. அந்தக் கதிரைக் கண்ணாடி வெளியே விடாது. வெப்பம் அறைக்குள்ளேயே தங்கிவிடும். தடுப்பு கண்ணாடிக்கு வெளியே இருந்தால், சூடாவது தடுப்பு மட்டுமே. அந்தச் சூட்டை வெளிக்காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். துளைத்திரை முகப்பின் வெளிப்புறத்தில் நிற்பதற்கான முதல் காரணம் இதுவே.

இனி, எல்லாத் துளையும் ஒரே மாதிரி வெயிலைத் தடுப்பதில்லை. ஒரு துளையின் உயரத்தை அதன் ஆழத்தால் வகுத்துப் பாருங்கள். செங்கல் ஜாலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். துளையின் உயரம் ஒரு செங்கல் வரி, அதாவது 7.5 செ.மீ. சுவர் 9 அங்குலம், அதாவது 23 செ.மீ. இந்தத் துளைக்குள் நேர்வெயில் புகுந்து மறுபக்கம் வர வேண்டுமானால் சூரியன் 18 பாகைக்குக் கீழே இறங்க வேண்டும். மார்ச்சில் அது மாலை ஐந்து மணிக்கு மேல்தான் நடக்கும். அதே துளையை நாலரை அங்குலச் சுவரில் விட்டால் எல்லை 33 பாகைக்கு ஏறிவிடும். நாலு மணி தாண்டியதுமே வெயில் உள்ளே வந்துவிடும். சுவரின் தடிப்பை மாற்றியதில் மட்டும் ஒரு மணி நேர நிழல் கைவிட்டுப் போகிறது. அதுவும் நாளின் மிகச் சூடான மணி நேரங்களில் ஒன்று.

வெட்டிய இரும்புத் தகட்டின் தடிப்பு ஒன்றரை அல்லது 2 மி.மீ. துளை 20 மி.மீ. என்று வைத்தாலும், ஆழம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. சூரியன் எந்தக் கோணத்தில் நின்றாலும், திறந்திருக்கும் பரப்பின் அளவுக்கு வெயில் உள்ளே போகும். பாதி திறந்த தகடு ஏறக்குறைய பாதி வெயிலை விடும். அவ்வளவே அதன் திறமை. மெல்லிய தகட்டை மேற்குப் பக்கம் போடுபவர்கள் துளைப் பரப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அல்லது தகட்டின் துளைகளில் சிறு மடிப்புகளை வெளித்தள்ளி ஆழம் கொடுக்க வேண்டும். எக்ஸ்பாண்டட் மெஷ்ஷில் இழைகள் இயல்பாகவே சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கவனித்து மாட்டினால் உயரத்திலிருந்து வரும் வெயிலை அது நன்றாக மறிக்கும். தலைகீழாக மாட்டினால் அதே வலை வெயிலுக்கு வழிவிடும்.

கோபுர வாசல் சொல்லித்தரும் பாடம்

காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுர வாசலின் காற்றைத் தென்காசிக்கு வந்தவர்கள் மறப்பதில்லை. பாண்டியர் காலத்து இந்தக் கோயிலின் கோபுரம் நெடுங்காலம் சிதைந்து கிடந்து, ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டது. வாசலுக்குள் கால் வைத்ததும் காற்று ஆளைத் தள்ளுகிறது என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் அனுபவம்.

கோபுரம் காற்றின் பாதையில் நிற்கும் பெரிய தடுப்பு. காற்று மோதும் பக்கத்தில் அழுத்தம் கூடுகிறது, மறுபக்கத்தில் குறைகிறது. இந்த இரண்டையும் இணைக்கும் ஒரே வழி வாசல் என்பதால் காற்று அதன் வழியே பாய்கிறது. இதில் வீட்டுக்கான பாடம் ஒன்று உண்டு. காற்றை இழுப்பது அழுத்த வேறுபாடு. அதற்கு நுழைவாயும் வேண்டும், வெளிவாயும் வேண்டும். மேற்கே எவ்வளவு நேர்த்தியாகத் துளைத்திரை போட்டாலும், கிழக்கே அதே அளவுக்கு ஜன்னலோ வென்டிலேட்டரோ இல்லையென்றால் மேல்காற்று திரையைத் தொட்டுவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பழைய வீடுகளில் தெருவாசலில் நின்று பார்த்தால் கொல்லைவாசல் தெரிந்ததே, அது இந்தக் கணக்குத்தான்.

துளைத்திரை காற்றைக் குளிர்விக்கும் என்றொரு விளக்கம் வெகுவாகப் பரவியிருக்கிறது. சிறு துளையில் நுழையும் காற்று நெருக்கப்பட்டு, வெளியே வந்ததும் விரிந்து, அதனால் குளிர்கிறது என்பார்கள். இதன் முதல் பாதி சரி. துளைக்குள் காற்றின் வேகம் கூடத்தான் செய்கிறது. இரண்டாம் பாதி சரியில்லை. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும் காற்றின் இயக்க ஆற்றல் முழுவதையும் வெப்பநிலைக் கணக்கில் எழுதினாலும் ஒரு பாகையின் நூறில் ஒரு பங்குதான் வரும். வெப்பமானி அதைக் காட்டாது. துளைவழியே வரும் காற்று நமக்குக் குளுமையாக இருப்பதற்குக் காரணம் நம் உடம்பில் இருக்கிறது: வேகமான காற்று தோலின் மேல் தங்கிய சூடான காற்றுப் படலத்தைத் துடைத்துவிட்டு வியர்வையை ஆவியாக்குகிறது. ஆகவே அந்தக் காற்று ஆள் உட்காரும், படுக்கும் உயரத்தில் வர வேண்டும். கூரைக்கு ஓர் அடி கீழே ஜாலி வைத்தால் சூடான காற்று வெளியேறும். கட்டிலில் படுத்திருப்பவருக்குக் காற்று வராது. இரண்டு உயரத்திலும் துளை வேண்டும்.

துளைத்திரைக்கு ஒரு விலையும் உண்டு. மொத்தக் காற்றின் அளவை அது குறைக்கும். இந்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் கொண்டுவந்த குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பான 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா', வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகளில் தரைப்பரப்பில் 16.66 விழுக்காடு, அதாவது ஆறில் ஒரு பங்கு, திறக்கக்கூடிய ஜன்னல், கதவுப் பரப்பு இருக்க வேண்டும் என்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. அந்தத் திறப்புக்கு முன் பாதி திறந்த ஜாலி நிற்கிறது என்று வையுங்கள். அதற்குப் பின்னால் கொசுவலை. வழக்கமான கொசுவலையில் ஓர் அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18, மறுபக்கம் 16 இழைகள் ஓடும். இழையின் தடிப்பைக் கழித்தால் திறந்த பரப்பு மூன்றில் இரண்டு பங்கு. இரண்டையும் பெருக்கினால் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு. 20 சதுர அடி ஜன்னல் காற்றின் கணக்கில் ஏழு சதுர அடிக்கும் குறைவு. டெங்கு பரவும் நாட்களில் கொசுவலையை விட முடியாது. எனவே முகப்புத் திரை போடும் வீட்டில் ஜன்னலைப் பெரிதாக்குவதுதான் வழி. வெளியே திரை வெயிலை மறிப்பதால் ஜன்னலைப் பெரிதாக்கும் துணிவும் அப்போது வரும்.

சாரல் துளி என்ன செய்கிறது

கனமழையைத் தடுக்கும் சன்ஷேடு சாரலைத் தடுக்காது என்பது குற்றாலத்தில் குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். 2 மி.மீ. விட்டமுள்ள மழைத்துளி விநாடிக்கு சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் விழும். அரை மி.மீ. சாரல் துளி விழும் வேகம் சுமார் 2 மீட்டர். இப்போது விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் மேல்காற்று வீசுகிறது என்று கொள்ளுங்கள். பெரிய துளி ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஒன்றேகால் மீட்டர் பக்கவாட்டில் நகரும். சாரல் துளி ஒரு மீட்டர் இறங்குவதற்குள் நான்கு மீட்டர் பக்கவாட்டில் போய்விடும். சாரல் விழுகிறது என்று சொன்னாலும், உண்மையில் அது ஏறக்குறைய படுக்கைவாக்கில் பறக்கிறது. மேலிருந்து மறிக்கும் எதுவும் அதை நிறுத்தாது. எதிரே நிற்கும் ஒன்றுதான் நிறுத்தும்.

எதிரே நிற்கும் துளைத்திரையில் நடப்பது சுவையானது. காற்று, கம்பியை நெருங்கியதும் வளைந்து இரு பக்கமும் ஒதுங்கிப் போகிறது. துளிக்கு எடை இருப்பதால் அந்த வளைவில் திரும்ப முடியாமல் நேரே போய்க் கம்பியில் மோதி ஒட்டிக்கொள்கிறது. துளி பெரிதாக இருந்தால் மோதல் அதிகம். மிக நுண்ணிய மூடுபனித் துளிகள் காற்றோடு வளைந்து தப்பிவிடும். ஆனால் கம்பி மெல்லியதாக இருந்தால் வளைவு திடீரென்று அமைவதால் அவற்றிலும் ஒரு பகுதி சிக்கும். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனக் கரையோரத்தில் மூடுபனியிலிருந்து குடிநீர் எடுக்க மலைமுகட்டில் கட்டும் வலைகள் இந்த விதியில்தான் வேலை செய்கின்றன. அங்கே தண்ணீருக்காகப் பிடிக்கிறார்கள். நாம் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கப் பிடிக்கிறோம்.

ஆழமான செங்கல் ஜாலியில் இன்னொரு வசதி: துளைக்குள் நுழைந்த துளி அடிப்பரப்பில் விழுந்து நின்றுவிடும். அந்த அடிப்பரப்பை வெளிப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து வைத்தால் தண்ணீர் தெருப்பக்கம் வடியும். சமமாக வைத்தால் உள்பக்கமும் வழியும், பாசியும் பிடிக்கும். ஜாலி கட்டும்போது கொத்தனார் கரண்டியால் ஒரு தடவை இழுத்துவிடும் வேலை இது. பிறகு சரிசெய்யவே முடியாத வேலையும் இதுதான்.

கொசுவலைக்கு சாரலில் நேர்வதைக் கண்ணருகே வைத்துப் பார்க்கலாம். நனைந்த வலையில் கட்டத்துக்குக் கட்டம் ஒரு நீர்ப்படலம் அடைத்துக்கொண்டு பளபளக்கும். அந்தக் கட்டம் 1.1 முதல் 1.3 மி.மீ. அகலமே இருப்பதால் நீரின் பரப்பு இழுவிசை படலத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதை உடைத்து வழி உண்டாக்க எவ்வளவு காற்று வேண்டும் என்று எளிய கணக்குப் போட்டால், மணிக்கு 70 கிலோமீட்டரை ஒட்டிய வேகம் வருகிறது. அவ்வளவு காற்று நாள்தோறும் அடிப்பதில்லை. அதனால்தான் சீசனில், வெளியே மரம் ஆடிக்கொண்டிருக்கும்போதே, நனைந்த கொசுவலை போட்ட அறை புழுங்குகிறது. வலை காயும்வரை காற்று வராது.

இதற்குத் தீர்வு அடுக்குமுறையில் இருக்கிறது. துளை பெரிதாகவும் ஆழமாகவும் உள்ள முகப்புத் திரை வெளியே நிற்கட்டும். கொசுவலை அதற்கு இரண்டடியாவது உள்ளே, ஜன்னலோடு இருக்கட்டும். வெளித்திரை சாரலை வாங்கிக்கொண்டால் உள்வலை காய்ந்தே இருக்கும். சில புதிய வீடுகளில் இடத்தை மிச்சப்படுத்த முகப்பு ஜாலியின் முதுகிலேயே கொசுவலையை ஒட்டிவிடுகிறார்கள். மற்ற ஊர்களில் இதனால் பெரிய நஷ்டமில்லை. குற்றாலத்தின் நிழலில் இருக்கும் ஊர்களில், நல்ல காற்றுள்ள மூன்று மாதத்தை இந்த ஒரு முடிவு பறித்துவிடும்.

மலைக்கு இரு பக்கமும் ஒரே மரபு

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. அன்றுதான் அதன் பெரும்பகுதி, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தோடு சேர்ந்து, சென்னை மாநிலத்துக்கு வந்தது. மழையும் ஆட்சியும் பகிர்ந்துகொண்ட இந்த நிலத்தின் கட்டடக் கலையைப் பார்க்க நல்ல இடம் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் அது. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது.

அதன் மந்திரசாலையில் நின்றால் துளைத்திரை எப்படி யோசிக்கப்பட்டது என்பது விளங்கும். மரச்சட்டங்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து இறங்குகின்றன. நீண்ட ஓட்டுக்கூரை அவற்றுக்கு மேலே தாழ வந்து நிற்கிறது. வெயில் சட்டத்தில் பட்டுச் சிதறுகிறது, மழை சாய்வில் வழிந்து வெளியே போகிறது, காற்று சட்டங்களுக்கு இடையே நுழைகிறது. உள்ளே வரும் வெளிச்சம் தரையிலிருந்து எதிரொளித்து மேலே ஏறுவதால் கண் கூசுவதில்லை. நெல்லைச் சீமையின் பழைய வீடுகளில் தார்சாவுக்கு முன்னால் மர அழியோ கம்பி அழியோ போட்டதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த யோசனைதான். பகலில் உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவில் போகிறவருக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். வெளிச்சமுள்ள இடத்திலிருந்து இருட்டான இடத்தைப் பார்க்கக் கண் தடுமாறுவதே காரணம். இரவில் விளக்குப் போட்டதும் இது தலைகீழாகும் என்பதால் உள்ளே ஒரு மெல்லிய திரைச்சீலை அப்போது தேவைப்படும்.

மலைக்கு மேற்கே இந்த மரபை நவீன வீட்டுக்குக் கொண்டுவந்தவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இந்தியாவிலேயே தங்கி, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். மரம் விலையேறிவிட்ட காலத்தில் அவர் செங்கல்லை எடுத்தார். கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு அடுக்கினால் ஜன்னல் சட்டம் வேண்டாம், கம்பி வேண்டாம், கண்ணாடி வேண்டாம், பூச்சும் வேண்டாம், சுவரே ஜன்னலாகிவிடும். கற்களின் எண்ணிக்கையும் குறையும். சரியாக அடுக்கினால் மேல்பாரத்தையும் அந்தச் சுவர் தாங்கும். 1970களில் திருவனந்தபுரம் உள்ளூரில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில் இத்தகைய ஜாலிச் சுவர்கள் நிறைந்திருக்கின்றன. தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு அருகே சுழன்று ஏறும் இந்தியன் காபி ஹவுஸும் அவர் கைவண்ணம். தென்காசியிலிருந்து திருவனந்தபுரம் போகிறவர்கள் அங்கே ஒரு காபி குடிக்கும் நேரத்தில் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம். துளையின் ஆழம் கைக்குத் தெரியும்.

உலகம் முழுக்க இந்த யோசனைக்கு இன்று மறுபிறவி. அபுதாபியில் 2012இல் முடிந்த அல் பஹர் இரட்டைக் கோபுரங்களில் அரபு மரபின் மரச்சல்லடை கணினி இயக்கும் முக்கோணக் குடைகளாக மாறி, சூரியன் நகர நகர விரிந்து மூடுகிறது. நொய்டாவில் ஆன்ட் ஸ்டூடியோ என்ற கட்டடக் கலை நிறுவனம் சுட்ட மண் குழல்களை அடுக்கி, மேலே நீர் வழியவிட்டு, ஒரு தொழிற்சாலையின் சூடான காற்றைக் குளிர்வித்துக் காட்டியது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஏப்ரல், மே மாதங்களின் வறண்ட காற்றில் மண் ஜாலிக்குத் தண்ணீர் தெளிப்பதும், வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடுவதும் உண்மையான குளிர்ச்சி தரும். சீசனில் காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது இந்த உத்தி எடுபடாது. அப்போது நீர் ஆவியாக இடமில்லை.

பொருளும் பிடிமானமும்

சுட்ட மண் ஜாலி வெயிலில் உலோகம் அளவுக்குக் கொதிக்காது, துருப்பிடிக்காது, உடைந்தால் ஒரு துண்டை மட்டும் மாற்றலாம். சிமெண்ட் ஜாலி விலை குறைவு. மலையடிவாரத்தின் ஈரத்தில் சீக்கிரம் பாசி பிடிக்கும் என்பதால் நீர் வடியும் சாய்வும் அவ்வப்போது தேய்த்துக் கழுவ எட்டும் தூரமும் முக்கியம். மரம் அழகு, ஆனால் எண்ணெயோ வார்னிஷோ தொடர்ந்து கேட்கும்.

இரும்புத் தகட்டில் ஆபத்து வெட்டிய விளிம்பில் இருக்கிறது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை வாங்கி, பிறகு டிசைன் வெட்டினால், ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் பூச்சில்லாத இரும்பு வெளியே தெரியும். சாரல் அங்கேதான் முதலில் வேலையைத் தொடங்கும். வெட்டி முடித்து, ஓரத்தைத் தேய்த்து, அதன் பிறகு பிரைமரும் பவுடர் கோட்டிங்கும் கொடுக்க வேண்டும். சுவரில் போல்ட் போட்ட பிறகு பட்டறையில் செய்யும் பூச்சைச் செய்ய முடியாது. அலுமினியத் திரையில் எஸ்.எஸ். திருகு போட்டால், ஈரம் பட்ட இடத்தில் இரு உலோகங்களுக்கு இடையே மின்வேதி அரிப்பு நடந்து அலுமினியம் கரையும். இடையில் ஒரு ரப்பர் அல்லது நைலான் வாஷர் போட்டால் போதும்.

உலோகத் திரையைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. மேற்கு வெயிலில் சூடான தகடு அந்தச் சூட்டைச் சுவருக்கே கதிர்வீசும். ஓர் அடியாவது தள்ளி நிறுத்தி, மேலும் கீழும் திறந்துவிட்டால், இடையிலுள்ள சூடான காற்று தானாக மேலே ஏறி வெளியேறும். உள்ளே ஆள் நுழைந்து சுத்தம் செய்ய இரண்டடி நல்லது. இல்லையென்றால் புறாக்கள் கூடு கட்டிவிடும்.

தள்ளி நிற்கும் திரையைக் காற்று பிடித்து இழுக்கும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, கட்டட வடிவமைப்புக்கான அடிப்படைக் காற்று வேகமாக மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் விநாடிக்கு 39 மீட்டரை எடுத்துக்கொள்கிறது. அந்த வேகத்தில் அடைத்த பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 93 கிலோ எடைக்கு ஈடான தள்ளுவிசை வரும். பத்தடிக்குப் பத்தடி தகட்டுக்கு அது எட்டு குவிண்டாலைத் தாண்டும். துளைகள் இந்த விசையைக் குறைக்கும். ஆனால் பாதி துளை என்றால் பாதி விசை என்று கணக்குப் போடக் கூடாது, துளைகளின் ஓரங்களில் சுழலும் காற்று கூடுதல் இழுவை தரும். பூச்சில் இறக்கிய நாலு ரவல் பிளக்கை நம்பி இதை நிறுத்தக் கூடாது. காங்கிரீட் பீமில் ஆங்கர் போல்ட் இறங்க வேண்டும். அதைத் தளம் போடும்போதே நினைத்திருக்க வேண்டும்.

ஒலியையும் சொல்ல வேண்டும். கம்பியைத் தாண்டும் காற்று அதன் பின்னால் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கும். 6 மி.மீ. கம்பியில் விநாடிக்கு 8 மீட்டர் காற்று பட்டால் விநாடிக்கு 260 முறைக்கு மேல் இது நடக்கும். காதுக்கு நன்றாகக் கேட்கும் ரீங்காரம். சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் 2020இல் நடைபாதைக் கைப்பிடிச் சட்டங்களை மெல்லியவையாக மாற்றிய பிறகு, காற்றடித்தால் பாலம் ஊரெங்கும் கேட்கும்படி பாடத் தொடங்கியது. சீசன் முழுக்க மேல்காற்று வீசும் நம் பகுதியில், படுக்கையறைக்கு வெளியே ஒரே அளவான கம்பிகளை ஒரே இடைவெளியில் தளர்வாக வரிசையாக நிறுத்துவது தவிர்க்க வேண்டியது. இறுக்கமான பிடிமானமும் கலந்த அளவுகளும் ரீங்காரத்தை அடக்கும்.

குற்றாலத்துக்கென்றே இன்னொரு கணக்கு உண்டு: குரங்கு. அதன் கை நுழையாத துளை வேண்டும். குறுக்குக் கம்பிகள் அதற்கும், வீட்டுக் குழந்தைக்கும், ஏணியாகிவிடும். நெடுக்குக் கம்பிகள் நல்லது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

வீட்டு வரைபடம் தயாராகும்போதே பொறியாளரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மேற்குத் திரையின் துளை உயரத்துக்கும் ஆழத்துக்கும் என்ன விகிதம்? ஆழம் உயரத்தைப் போல் இரு மடங்காவது இருந்தால் மார்ச்சில் மாலை நாலரை வரை நிழல் உறுதி. திரை சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, கொசுவலை அதற்கு எவ்வளவு உள்ளே? மேற்கே நுழையும் காற்று கிழக்கே எந்த வழியாக வெளியேறும்? இந்த மூன்றுக்கும் எண்ணாகப் பதில் வந்தால் டிசைன் எதுவாக இருந்தாலும் திரை வேலை செய்யும். எண் வரவில்லை என்றால், எவ்வளவு செலவழித்தாலும் அது முகப்பில் மாட்டிய படம்தான்.

கட்டி முடித்த வீட்டுக்காரர்களும் மனம் தளர வேண்டியதில்லை. மேற்கு ஜன்னலுக்கு இரண்டடி முன்னால் ஒரு சட்டம் அடித்து மூங்கில் தட்டியோ, மண் ஜாலியோ, சாய்ந்த இழையுள்ள மெஷ்ஷோ நிறுத்தலாம். அடுத்த மார்ச்சில் வித்தியாசத்தை அறைக்குள் தொங்கும் மலிவான வெப்பமானி காட்டாவிட்டாலும், சுவரில் வைத்த உள்ளங்கை காட்டிவிடும்.

இதற்கு வெளியூரிலிருந்து எதையும் தருவிக்கத் தேவையில்லை. செங்கல் அடுக்கத் தெரிந்த கொத்தனார்கள், அழி இழைக்கத் தெரிந்த ஆசாரிகள், வெட்டவும் ஒட்டவும் தெரிந்த வெல்டிங் பட்டறைகள் எல்லாம் தென்காசி மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, துளைக்கும் தடிப்புக்கும் இடைவெளிக்கும் மூன்று அளவுகளை எழுதிக் கொடுக்க வேண்டும். ஏ.சி.யை எந்நேரமும் ஓடவிடாமல் இந்த ஊரில் வாழ முடியும். அதற்கு வேண்டிய காற்றைச் செங்கோட்டைக் கணவாய் ஆண்டுதோறும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளத் தெரிந்த சுவரைக் கட்டுவது நம் பொறுப்பு.